பெட்டி தூக்கியவர்

வணக்கம். ஹாம்பர்க்கில் வேலை பார்க்கிறேன். லிதுவேனியாவிலிருந்து அமெரிக்கா போன இயக்குநர் ஜோனாஸ் மேகாஸின் ‘வால்டன்’ படத்தைப் பார்த்த பிறகு, தினமும் கைபேசியில் எதையாவது படம் பிடிக்கிறேன். பனி, பஸ் நிறுத்தம், குழந்தை தூங்குவது. இரவில் இணையத்தில் ஏற்றிவிடுவேன். மேகாஸும் என்னைப் போல் அயல்நாட்டுக்கு வந்து, யார் துணையும் இல்லாமல் தனியாகவே சாதித்தவர். என் படங்களை நாட்குறிப்பு சினிமா என்று சொல்லலாமா? நல்ல கேமரா வாங்க வேண்டுமா? மனைவி சிரிக்கிறார்.

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

மனைவி சிரிக்கட்டும், அதையும் படம் பிடியுங்கள். கேமரா வாங்க வேண்டாம். மேகாஸ் 1949 அக்டோபரில் நியூயார்க்கில் இறங்கி, சில வாரங்களிலேயே கடன்பட்டு ஒரு போலெக்ஸ் வாங்கினார். சாவி கொடுத்து ஓட்டும் 16 மி.மீ. கேமரா, முழுச் சாவி கொடுத்தாலும் அரை நிமிடம் ஓடாது. அதிலும் அவர் ஒவ்வொரு பிரேமாக விட்டு விட்டு எடுத்தார். ‘வால்டன்’ படத்தில் மரமும் மனிதர்களும் துள்ளுவது அதனால்தான்.

நாட்குறிப்பு சினிமாவா என்றால், இப்போதைக்கு இல்லை. மேகாஸின் ‘லாஸ்ட் லாஸ்ட் லாஸ்ட்’ படம் வெளிவந்தது 1976இல். அதில் இருப்பதோ 1949 முதல் 1963 வரை எடுத்தவை. உங்களுக்கு மறுநாள்வரைகூடப் பொறுக்கவில்லை. (2007இல் அவரே தினம் ஒரு படம் இணையத்தில் போட்டாரே என்று மடக்காதீர்கள். அப்போது அவருக்கு வயது 84. என்ன வேண்டுமானாலும் செய்யலாம்.)

ஆனால் அவர் ‘தனியாகவே சாதித்தவர்’ என்று எழுதினீர்களே, அதை விட மாட்டேன். எங்கே படித்தீர்கள் இதை? முதலில் அவருடைய தம்பி அடோல்ஃபாஸ் கூடவே இருந்தார். இருவரும் சேர்ந்து 1950களின் நடுவில் ‘ஃபிலிம் கல்ச்சர்’ பத்திரிகையைத் தொடங்கினார்கள். 1958 முதல் ‘வில்லேஜ் வாய்ஸ்’ இதழில் மேகாஸ் பத்தி எழுதினார், பெரும்பாலும் அடுத்தவர்கள் எடுத்த படங்களைப் பற்றி. நியூயார்க்கில் உறுப்பினர்களுக்குப் படம் காட்டிய பெரிய ஃபிலிம் சொசைட்டியான ‘சினிமா 16’ஐ நடத்திய ஏமஸ் வோகல், சோதனைப் பட இயக்குநர் ஸ்டான் பிராக்கேஜின் படம் ஒன்றைத் திரையிட மறுத்தார். வோகலும் வியன்னாவிலிருந்து தப்பி வந்தவர்தான், நல்ல ரசனைக்காரர். ஆனால் ரசனை உள்ளவர் ஒருவர் வாசலில் நின்றால் சில படங்கள் வெளியேதான் நிற்கும். 1962இல் மேகாஸும் நண்பர்களும் கூட்டுறவு முறையில் ஒரு விநியோக அமைப்பை உண்டாக்கினார்கள். தேர்வுக் குழு கிடையாது, கொண்டுவந்த படம் எதுவானாலும் பட்டியலில் சேரும். வாடகையைப் படம் எடுத்தவரே நிர்ணயிப்பார், பணத்தில் பெரும்பங்கும் அவருக்கே. பெரிய ஸ்டுடியோக்களுக்கு வெளியே வளர்ந்த அமெரிக்காவின் ‘தலைமறைவு சினிமா’ என்று இன்று கொண்டாடுவது இந்தப் பட்டியலும் கணக்குப் புத்தகமும் பார்சல் கட்டும் நூலும்தான். 1964இல் அவர் கைதானது இன்னொரு இயக்குநரான ஜாக் ஸ்மித்தின் படத்தைத் திரையிட்டதற்காக. தன் படத்துக்காக அல்ல.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது என்றால், நானும் ஒரு சிறிய ஃபிலிம் சொசைட்டியில் பெட்டி தூக்கியவன். பூனாவிலிருந்து தகரப் பெட்டியில் ரீல்கள் வரும். ரயில்வே பார்சல் ஆபீஸில் கையெழுத்துப் போட்டு எடுத்து, சைக்கிள் கேரியரில் கட்டி, அறைக்குக் கொண்டுவந்து, விரல் நுனியில் பிலிமின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சுற்றுவோம். துளை கிழிந்த இடத்தில் விரல் தட்டும். அங்கே ஒட்ட வேண்டும். ஒட்டாமல் விட்டால் படம் நடுவில் அறுந்துபோகும். படம் முடிந்ததும் ஓர் உறுப்பினர் எழுந்து ஒரு மணி நேரம் பேசுவார். நல்ல பேச்சாளர். ஒருநாள்கூடப் பெட்டியின் அந்தப்பக்கக் கைப்பிடியைப் பிடித்ததில்லை. உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது அவர் குரல் கேட்டது.

கோபித்துக்கொள்ளாதீர்கள். குழந்தை தூங்குவதைப் படம் பிடிக்கிறவர் கெட்டவராக இருக்க முடியாது. ஹாம்பர்க்கிலிருந்து எல்ம்ஸ்ஹார்ன் பக்கம்தான். 1944இல் வியன்னாவுக்குப் புறப்பட்ட மேகாஸ் சகோதரர்களை நாஜிகள் பிடித்துக் கட்டாய உழைப்பு முகாமில் வைத்தது அங்கே. 1971இல் சகோதரர்கள் அங்கே திரும்பிப் போய்ப் படம் பிடித்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போய் வாருங்கள்.

பிறகு உங்கள் ஊரில் உங்களைப் போலவே எடுத்து வைத்திருப்பவர்களைத் தேடுங்கள். ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து, அவர்கள் படங்களைப் போடுங்கள், உங்களுடையது கடைசியில். அடுத்த கடிதத்தில் அவர்களைப் பற்றி எழுதுங்கள். உங்கள் படத்தைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம்.