நகரத் திட்டக் கூட்டத்தில் பேசினால் ஏதாவது மாறுமா?

கிளிநொச்சியில் நகரத் திட்டத்துக்கு மக்களிடம் கருத்துக் கேட்பதால் பயன் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு, ஆனால் எப்போது கேட்கிறார்கள் என்பதே முக்கியம்.

மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக 1969இல் வகுத்தவர் அமெரிக்கரான ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன். அடிப்படியில் இருப்பது வெறும் ஏய்ப்பு. நடுவில் தகவல் சொல்லுதலும் கருத்துக் கேட்டலும் வருகின்றன. முடிவெடுக்கும் அதிகாரம் மேல்படிகளில்தான் மக்களிடம் வருகிறது. வரைபடம் முடிந்தபின் கூட்டும் கூட்டம் நடுப்படியைத் தாண்டாது.

கிளிநொச்சி இருக்கும் வன்னியில் இப்படிப் பிந்திக் கேட்பது பெரிய இழப்பு. எந்தத் தாழ்நிலத்தை மண் போட்டு நிரப்பினால் மாரி வெள்ளம் யாருடைய வளவுக்குள் புகும் என்பது குளத்தின் கீழ் வயல் செய்யும் கமக்காரருக்குத் தெரியும். போரில் கணவரை இழந்து குடும்பத்தைத் தாங்கும் பெண் பகல் கூட்டத்துக்கு வந்தால் அன்றைய கூலி போய்விடும். மாலையில், அவர் ஊரிலேயே கூட்டம் வைக்க வேண்டும்.

குரலற்றவர்களுக்காக வாதாடும் திட்டமிடலாளர் தேவை என்று 1965இல் அமெரிக்கத் திட்டமிடலாளர் பால் டேவிடாஃப் வலியுறுத்தியதும் இதற்காகத்தான். பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989இல் வரவுசெலவுத் திட்டத்திலேயே மக்களுக்கு இடம் கொடுத்தது.

கூட்டத்துக்குப் போங்கள். எங்கள் கருத்தால் எதை மாற்ற முடியும், எழுத்தில் பதில் எப்போது வரும் என்று முதலில் கேளுங்கள்.