கேள்வி பதில்: கிளிமஞ்சாரோவுக்கு எந்த வழி?

வணக்கம் டீச்சர். எனக்கு 49 வயது, என் கணவருக்கு 54. அவருக்குச் சர்க்கரை உண்டு, மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது. எங்கள் இருபத்தைந்தாவது திருமண நாளை ஒட்டி ஆப்பிரிக்காவில், தான்சானியாவில் இருக்கும் கிளிமஞ்சாரோ மலை ஏற ஆசைப்படுகிறோம். பயண ஏற்பாட்டாளர் ஒருவரைக் கேட்டால், “மராங்கு வழியில் போங்கள், படுக்கையோடு குடில் உண்டு, ஐந்தே நாள், செலவும் குறைவு” என்கிறார். மகனின் நண்பன் லெமோஷோ வழியில் எட்டு நாள் நடந்து ஏறினானாம். அதில் சுவர் மாதிரி ஒரு பாறை வருமாமே? ஏற்காட்டுக்குப் பல தடவை நடந்தே ஏறியிருக்கிறோம். எங்களுக்கு எது சரி?
வாசகி, கன்னங்குறிச்சி

லெமோஷோ வழியில், எட்டு நாளாகவே போங்கள் அம்மா.

உங்கள் ஏற்பாட்டாளர் சொன்ன அதே ஐந்து நாள் மராங்கு வழியில்தான் 2016 பிப்ரவரியில் நான் முதன்முதலாகப் போனேன். அப்போது எனக்கு 53. முப்பது வருடம் பள்ளிக்கூட மைதானத்தில் ஓடிய உடம்பு. கால் வலுவாக இருந்தால் மலை ஏறிவிடலாம் என்று முழுசாக நம்பினேன். முதல் ராத்திரி மந்தாரா குடிலில், சுமார் 2,700 மீட்டர். மறுநாள் ஹொரோம்போ, 3,700. மூன்றாம் நாள் கீபோ குடில், 4,700. பாதையில் சிரமமே இல்லை, அகலமான, நிதானமான ஏற்றம். கீபோ போய்ச் சேர்ந்த சாயங்காலம் நெற்றிக்குள் சுத்தியல் வைத்து அடிப்பது போல வலி ஆரம்பித்தது. சூப்பை வாயில் வைக்க முடியவில்லை. அன்று நடு ராத்திரியே உச்சிக்குக் கிளப்பிவிட்டார்கள். ஹான்ஸ் மேயர் குகை என்று ஓர் இடம் வரும், 5,100 மீட்டருக்குச் சற்று மேலே. அங்கே இரண்டு முறை வாந்தி எடுத்தேன். நேராக நடக்கச் சொல்லிப் பார்த்தார் வழிகாட்டி. கால் பக்கவாட்டில் போனது. “அம்மா, இறங்குகிறோம்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் அழுதேன், கெஞ்சினேன். அவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஹொரோம்போவுக்கு இறங்கி வந்தபோது தலைவலி போன இடம் தெரியவில்லை. என்னைத் தோற்கடித்தது உயரம்தான் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அந்த வழிகாட்டி அன்று செய்ததை உயிர் உள்ளவரை மறக்க மாட்டேன். நடை தள்ளாடுவது மூளையில் நீர் கோக்கத் தொடங்கியதன் அடையாளம். இன்னும் ஒரு மணி நேரம் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பேன்.

அந்த ஐந்து நாள் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். 3,000 மீட்டருக்கு மேல் போனபின், ஒரு ராத்திரிக்கும் மறு ராத்திரிக்கும் இடையே தூங்கும் உயரம் ஏறக்குறைய 500 மீட்டருக்கு மேல் கூடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை கூடுதலாக ஒரு நாள் ஓய்வும் வேண்டும் என்பது மலை மருத்துவத்தின் பொது விதி. ஐந்து நாள் மராங்குவில் தினமும் ஆயிரம் மீட்டர் கூடுகிறது. காற்றில் ஆக்சிஜன் பங்கு எங்கேயும் அதே 21 சதவீதம்தான். ஆனால் மேலே போகப் போக அழுத்தம் குறைகிறது. 5,895 மீட்டர் உச்சியில், கடற்கரையில் ஒரு மூச்சுக்குக் கிடைப்பதில் பாதிதான் கிடைக்கும். அதற்கு ஈடுகொடுக்க உடம்பு மூச்சின் வேகத்தைக் கூட்டி, ரத்தத்தின் தன்மையை மாற்றி, மெல்ல மெல்லத் தயாராகிறது. இதற்கு ராத்திரிகள் வேண்டும். உச்சிக்கு முன் ஐந்து நாள் மராங்கு தருவது மூன்று ராத்திரி, எட்டு நாள் லெமோஷோ தருவது ஆறு.

2019 செப்டம்பரில் இரண்டாம் முறை போனபோது லெமோஷோதான். முதல் நாள் மழைக்காடு, பெரிய மரங்களுக்கு அடியில் முகாம். அடுத்த இரண்டு ராத்திரி ஷிரா மேட்டில், 3,500, பிறகு 3,900 அளவில். நான்காம் நாள்தான் இந்த வழியின் சூட்சுமம். லாவா டவர் என்ற பாறைக் கோபுரம் வரை, 4,600 மீட்டர் ஏறி, மதியச் சாப்பாட்டை அங்கேயே முடித்து, மீண்டும் இறங்கி பராங்கோ முகாமில் 3,950 அளவில் தூங்குகிறோம். பகலில் உடம்புக்கு உயரத்தைக் காட்டிவிட்டு, ராத்திரி கீழே கொண்டுவந்து கிடத்துவது. லாவா டவரில் எனக்கு மறுபடியும் தலை வலித்தது, பழைய பயம் வந்தது. பராங்கோவில் இறங்கித் தூங்கி எழுந்தபோது சரியாகிவிட்டது. அன்றைக்குத்தான் இந்த முறை முடியும் என்ற நம்பிக்கை வந்தது.

நீங்கள் கேட்ட சுவர் அங்கேதான், பராங்கோ சுவர். சுமார் 250 மீட்டர் உயரம். கயிறு தேவையில்லை, ஆனால் பல இடங்களில் கையை ஊன்றி ஏற வேண்டும். ஒன்றரை, இரண்டு மணி நேரம். கைத்தடிகளைப் பையில் கட்டிவிட்டு இரண்டு கையையும் ஏற்றத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் பயப்படுவது இந்தச் சுவருக்கு, ஆனால் எனக்கு மொத்தப் பயணத்திலும் பிடித்த காலைப்பொழுது அது. அப்புறம் கரங்கா முகாம், சுமார் 4,000. அடுத்த நாள் பராஃபு, 4,670.

உச்சி ராத்திரியை நம் ஊர் அளவில் சொல்கிறேன். சேலம் 278 மீட்டர், ஏற்காடு 1,500 சொச்சம். பராஃபுவிலிருந்து உச்சி ஏறும் உயரமும் ஏறக்குறைய அதே 1,225 மீட்டர். நீங்கள் பல தடவை நடந்தது போலவே ஒரு ஏற்காட்டு ஏற்றம், ஆனால் இருட்டில், பூஜ்யத்துக்குக் கீழே பத்து பதினைந்து டிகிரிக் குளிரில், பாதி மூச்சோடு. அதை முடித்த கையோடு அன்றே முவேகா முகாமுக்கு, 3,100 வரை இறங்க வேண்டும். இரண்டு ஏற்காட்டு இறக்கத்துக்கும் மேல். முதல் மூன்று நாளில் அவசரப்பட்டு உடம்பைக் கெடுத்துக்கொண்டவர்களிடம் இந்த நாளுக்கு எதுவும் மிச்சம் இருக்காது.

மச்சாமே வழியை ஏழு நாளில் எடுத்தாலும் நல்லதுதான். லாவா டவருக்கு முன்பே லெமோஷோவோடு சேர்ந்துவிடும். கூட்டம் மட்டும் அதிகம். உம்ப்வே மிகச் செங்குத்து, உங்களுக்கு வேண்டாம். கூடாரத்தில் தூங்கவே முடியாது என்றால் மராங்குவை ஆறு நாளாக எடுங்கள். ஹொரோம்போவில் கூடுதலாக ஒரு ராத்திரி தங்கி, பகலில் 4,000 வரை நடந்துவிட்டுத் திரும்பலாம். ஐந்து நாள் திட்டத்தை யார் விற்றாலும் வாங்காதீர்கள். தேசியப் பூங்காக் கட்டணம் நாள் கணக்கில் வாங்கப்படுவதால், நாளைக் குறைத்தால்தான் விலையைக் குறைத்துக் காட்ட முடியும். அந்த மலிவு எங்கிருந்து வருகிறது என்பதை இப்போது நீங்களே பார்க்கலாம்.

உங்கள் கணவர் கட்டாயம் அவருடைய மருத்துவரிடம் உட்கார்ந்து பேச வேண்டும். குளிரிலும் உயரத்திலும் சர்க்கரை பார்க்கும் கருவி தவறாகக் காட்டலாம், அதைச் சட்டைக்குள் வைத்துச் சூடாக வைத்திருக்க வேண்டும். உயர நோய்க்கான அசிட்டசோலமைடு மாத்திரையையும் அவரிடமே கேளுங்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். விரல் நுனி மரத்துப்போவதும் அடிக்கடி சிறுநீர் வருவதும் அதன் இயல்பு. மாத்திரை உடம்புக்குத் துணைதான். அதைப் போட்டுக்கொண்டு ஐந்து நாளில் ஏறலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

பள்ளி ஆசிரியை நான். மே மாத விடுமுறையில்தான் நீண்ட நாள் கிடைக்கும். அப்போது கிளிமஞ்சாரோ போகலாமா?
வாசகி, ஓமலூர்

வேண்டாம். நமக்கு வெயில் கொளுத்தும் மார்ச் கடைசி முதல் மே வரை அங்கே பெருமழைக் காலம். காடு முழுக்கச் சேறு, மேலே பனிப்பொழிவு. ஜனவரி முதல் மார்ச் முற்பாதி, அல்லது ஜூன் முதல் அக்டோபர். நவம்பரிலும் சிறுமழை உண்டு. வடக்கிலிருந்து ஏறும் ரொங்காய் வழி மற்றவற்றைவிடக் காய்ந்திருக்கும் என்றாலும், மே மாதத்துக்கு அதையும் நான் சொல்ல மாட்டேன். நானும் ஆசிரியையாக இருந்தவள்தான். இரண்டு பயணத்துக்கும் ஈட்டிய விடுப்பைச் சேர்த்து வைத்துத்தான் போனேன்.

ஏற்காட்டில் ஒரு மாதம் தங்கி நடந்து பழகினால் உயரம் பழகிவிடுமா டீச்சர்? எப்படிப் பயிற்சி எடுப்பது? தினமும் ஜிம்முக்குப் போகிறேன், வயது 26.
வாசகர், கோரிமேடு

உயரம் பழகாது தம்பி. நம் சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சியே 1,620 மீட்டர் சொச்சம்தான். மச்சாமே வழியின் நுழைவாயில் 1,800. நம் மலையின் உச்சியைவிட உயரத்தில் அங்கே முதல் அடியே ஆரம்பிக்கிறது. உயரம் பழக வேண்டுமென்றால் அங்கேயே அருஷா நகரத்துக்குப் பக்கத்தில் மேரு மலை இருக்கிறது, 4,566 மீட்டர். முதலில் அதை ஏறிவிட்டு கிளிமஞ்சாரோவுக்கு வருபவர்கள் உண்டு. நாளும் பணமும் இருந்தால் மிக நல்ல யோசனை.

ஆனால் காலுக்கும் மூச்சுக்கும் நம் மலையைவிட நல்ல பயிற்சிக்கூடம் எனக்குத் தெரியாது. நான் ஆறு மாதம் செய்ததைச் சொல்கிறேன். ஞாயிறு விடியும் முன்பே அடிவாரத்தில் இறங்கி மலைப்பாதையில் ஓரமாக நடப்பேன். இருபது கொண்டை ஊசி வளைவு. வேகமாக ஏறுவதில் பயனில்லை. பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியம் பேச முடிகிற வேகத்தில் ஏறுங்கள். கிளிமஞ்சாரோவில் வழிகாட்டிகள் நாள் முழுக்க “போலே போலே” என்பார்கள், சுவாஹிலியில் “மெல்ல, மெல்ல” என்று அர்த்தம். அந்த மெல்ல நடையை இங்கேயே காலில் ஏற்றிக்கொள்ளுங்கள். முதுகுப் பையில் தண்ணீர் பாட்டில்களாக ஆறு ஏழு கிலோ. ஏரிக்கரையில் ஒரு டீ குடித்துவிட்டு சேர்வராயன் கோயில் வரை போய் வருவேன்.

இறங்கும்போது பஸ் ஏறிவிடாதீர்கள். எல்லோரும் விடும் தவறு இதுதான். உச்சியிலிருந்து 2,800 மீட்டர் இறங்கும் நாளில் தொடையின் முன்பக்கமும் முழங்காலும்தான் அடி வாங்கும். இறக்கத்துக்கு இறங்கித்தான் பழக வேண்டும், ஜிம்மில் அது கிடைக்காது. அடுத்த நாளும் ஒரு மணி நேரம் நடங்கள். களைத்த காலோடு மறுநாள் நடப்பதுதான் எட்டு நாள் பயணத்தின் நிஜமான பரீட்சை.

காட்டுக்குள் போகும் ஒற்றையடிப் பாதைகளில் அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள். காட்டெருமை உண்டு. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் போன உயிர்களை நாம் யாரும் மறக்கக் கூடாது. 2024 அக்டோபரில் வனத்துறை ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று மாநிலம் முழுக்க 40 வழிகளைத் திறந்தது. நம் ஏற்காட்டுப் பக்கத்து வழிகளும் அதில் உண்டு. பதிவு செய்து, அவர்கள் தரும் வழிகாட்டியோடு போங்கள்.

மேலே என்ன சாப்பிட்டீர்கள்? நான் சுத்த சைவம்.
வாசகி, அஸ்தம்பட்டி

முன்பே சொல்லிவிட்டால் சைவம் சமைத்துத் தருகிறார்கள். கஞ்சி, காய் சூப், வாழைக்காய், சாதம், ரொட்டி. பிரச்சினை வேறு. 4,000 தாண்டினால் பசியே எடுக்காது, கட்டாயப்படுத்திச் சாப்பிட வேண்டும். எலுமிச்சை ஊறுகாயும் பருப்புப் பொடியும் கொண்டுபோனேன். கரங்காவில் வெறும் சாதத்தில் பருப்புப் பொடி பிசைந்து சாப்பிட்டதுதான் அந்த எட்டு நாளில் ருசித்துச் சாப்பிட்ட சாப்பாடு. உச்சி ராத்திரிக்கு எள்ளுருண்டையை ஜாக்கெட்டின் உள் பையில் வையுங்கள், வெளியே வைத்தால் கல்லாகிவிடும். தண்ணீர் பாட்டிலைப் பையில் தலைகீழாகச் செருகுங்கள். ஐஸ் மேல்பக்கத்தில் கட்டும் என்பதால் மூடிப் பக்கம் உறையாமல் இருக்கும்.

நாகலூர் பக்கம் காப்பித் தோட்டத்தில் மேஸ்திரியாக இருக்கிறேன். கிளிமஞ்சாரோவிலும் காப்பி உண்டாமே, பார்த்தீர்களா?
வாசகர், ஏற்காடு

பார்த்தேன் ஐயா, உங்களைப் போன்றவர்களை நினைத்துக்கொண்டும் பார்த்தேன். மலையின் தெற்குச் சரிவில் சாக்கா மக்களின் வீட்டுத் தோட்டங்கள். நம் சில்வர் ஓக்குக்குப் பதிலாக அங்கே பெரிய காட்டு மரங்கள், அதற்குக் கீழே வாழை, வாழை நிழலில் அரபிகா காப்பி. இங்கே நாம் மிளகை ஏற்றும் இடத்தில் அவர்கள் கிழங்கும் பீன்ஸும் வைத்திருக்கிறார்கள்.

என் பையைத் தூக்கி வந்த பையனும் அந்த ஊர்க்காரன்தான். சுமை தூக்குபவர்களுக்கு இருபது கிலோ என்று வரம்பு உண்டு. நிறுவனத்தை முடிவு செய்யும் முன் அதை எடைபோட்டுப் பார்க்கிறார்களா, அவர்களுக்கு எத்தனை வேளைச் சாப்பாடு, கூலி எவ்வளவு என்று எல்லோரும் கேட்க வேண்டும். நான் கேட்டுத்தான் சேர்ந்தேன். எட்டாம் நாள் முவேகா வாசலில் இறங்கியதும் அவன் என்னை வீட்டுக்குக் கூட்டிப் போனான். அவன் பாட்டி மர உரலில் வறுத்த கொட்டையை இடித்துக்கொண்டிருந்தார். உலக்கையை நான் வாங்கி இரண்டு குத்து குத்தினேன். பாட்டி சிரித்துவிட்டு, என் கையைப் பிடித்து எப்படி இடிப்பது என்று காட்டிக்கொடுத்தார். பால் இல்லாத, கசந்த, கொதிக்கக் கொதிக்க ஒரு டம்ளர். குடித்துவிட்டு இன்னொன்று கேட்டு வாங்கினேன்.