ஸ்பவுஸ் விசா: மெடிக்கலுக்கும் மும்பை இன்டர்வியூவுக்கும் எப்படித் தயாராவது?

கேள்வி இதுதான்: கணவர் அமெரிக்காவில், நீங்கள் நாகர்கோவிலில். மும்பை தூதரகத்திலிருந்து இன்டர்வியூ தேதி வந்துவிட்டது. என்ன கேட்பார்கள், எதைப் படித்துக்கொண்டு போக வேண்டும்?

கணவர் சிட்டிசன், கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகவில்லை, உங்களுக்கு வரப்போவது சி.ஆர்.1 விசா என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அவர் கிரீன் கார்டுக்காரர் என்றால் வகை எஃப்2ஏ ஆகும். மெடிக்கலும் இன்டர்வியூவும் இதேபோலத்தான்.

நான் டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை. தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல் பக்கத்துக் குடும்பங்களின் விசாக் காகிதங்களைப் பார்த்துக் கொடுக்கிறவன். எல்லாரும் பயப்படுவது இன்டர்வியூவுக்கு. ஆனால் விசா மாதக்கணக்கில் தள்ளிப்போவது அதற்கு முன்னால் நடக்கிற மெடிக்கலில். அதைப் பற்றி யாரும் ஒரு கேள்வி கேட்பதில்லை. அதனால் முதலில் மெடிக்கல்.

இன்டர்வியூ கடிதம் வந்த அன்றைக்கே மெடிக்கல் அப்பாயின்ட்மென்ட் போடுங்கள். தூதரகம் அங்கீகரித்த டாக்டர்களின் பட்டியல் கடிதத்தோடு வரும் வழிமுறையில் இருக்கும். அந்தப் பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரியில், எவ்வளவு பெரிய டாக்டர் எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. இன்டர்வியூவுக்கு முந்தின நாள் மும்பையிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். குறைந்தது மூன்று வாரம் இடைவெளி வேண்டும் என்பது என் கணக்கு. எல்லாம் சரியாக இருந்தால் அந்த இடைவெளி வீண்தான், ஒரு நஷ்டமும் இல்லை. ஒரு சந்தேகம் வந்தால் அதுதான் உங்களைக் காப்பாற்றும்.

கையில் வேண்டியவை: ஒரிஜினல் பாஸ்போர்ட், இன்டர்வியூ கடிதம், டி.எஸ்.-260 என்கிற ஆன்லைன் விசா விண்ணப்பத்தின் உறுதிப் பக்கம், கண்ணாடி இல்லாமல் வெள்ளைப் பின்னணியில் எடுத்த 2 அங்குலத்துக்கு 2 அங்குலப் படங்கள், தடுப்பூசிச் சீட்டுகள், தொடர்ந்து சாப்பிடும் மாத்திரைகளின் மருந்துச் சீட்டு, ஆபரேஷன் ஏதாவது நடந்திருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரி. சர்க்கரை, பிரஷர், தைராய்டு இருந்தால் அப்படியே சொல்லிவிடுங்கள். மறைத்துவிட்டு, பிறகு மாத்திரைப் பெயர் வாயில் வந்தால்தான் வம்பு.

15 வயதுக்கு மேல் எல்லாருக்கும் நெஞ்சு எக்ஸ்ரே உண்டு. 18 முதல் 44 வயது வரை சிபிலிஸ் ரத்தப் பரிசோதனை. 18 முதல் 24 வரை கொனோரியாவுக்குச் சிறுநீரும் எடுப்பார்கள். இந்தப் பெயர்களைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம், அந்த வயதில் உள்ள எல்லாருக்கும் எடுப்பதுதான். எச்.ஐ.வி. பரிசோதனை 2010-லிருந்து கட்டாயமில்லை.

எக்ஸ்ரேயில் அவர்கள் தேடுவது காசநோய். அது பெரும்பாலும் நுரையீரலின் மேல்பகுதியில்தான் தங்கும், கழுத்தெலும்பைச் சுற்றி. நீண்ட பின்னலைத் தோளில் முன்னால் போட்டுக்கொண்டு நின்றால், படத்தில் சரியாக அந்த இடத்தில் நிழல் விழும். தாலிச் சங்கிலி, ஜெபமாலை, சேப்டி பின், உள்ளாடைக் கொக்கி எல்லாம் தெரியும். ஆகவே முடியை உச்சியில் தூக்கிக் கொண்டை போடுங்கள், கழுத்துக்குக் கீழே ஒன்றும் தொங்கக்கூடாது. தாலியைக் கழற்ற மனமில்லை என்றால் மாமியாரையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு போய் அவர்கள் கையில் கொடுங்கள். அங்கே நின்று அழுகிற பிள்ளைகள் உண்டு. முன்கூட்டியே வீட்டில் பேசி வைத்தால் அந்த நேரத்தில் சங்கடம் இல்லை. மூச்சை முழுதாக இழுத்து நிறுத்தச் சொல்வார்கள். பாதி மூச்சில் எடுத்த படம் தெளிவில்லாமல் போய்த் திரும்ப எடுப்பார்கள்.

சின்ன வயதில் காசநோய் வந்து மருந்து சாப்பிட்டவர்களுக்கு இனிச் சொல்வது. தழும்பு ஆறியிருந்தாலும் எக்ஸ்ரேயில் தெரியும். தெரிந்தால் சளிப் பரிசோதனைக்கு எழுதுவார்கள்: அடுத்தடுத்து மூன்று வேலை நாள்கள், காலையில், எச்சில் இல்லாமல் அடி நெஞ்சிலிருந்து காறிய சளி. நுண்ணோக்கியில் பார்ப்பது சீக்கிரம் முடியும். கல்ச்சர், அதாவது சளியில் கிருமி வளர்கிறதா என்று வைத்துப் பார்ப்பது, முடிவு சொல்ல எட்டு வாரம் வரை ஆகும். அதுவரை மெடிக்கல் முடிந்ததாகக் கணக்கில்லை. கிருமி இல்லை என்று வந்தாலும், அந்த வகை மெடிக்கலுக்குச் செல்லுபடி மூன்று மாதம்தான். மற்றவர்களுக்கு ஆறு மாதம். கிருமி இருந்தால், மாத்திரையை நேரில் விழுங்க வைக்கும் முறையில் முழுச் சிகிச்சை முடித்த பிறகுதான் பயணம்.

நம் ஊரில் பெண்ணுக்கு டி.பி. வந்த செய்தி கல்யாணத்துக்கு முன் வெளியே தெரியக்கூடாது என்று காகிதங்களைக் கிழித்துப் போட்டுவிடுகிறார்கள். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாமல் இருந்தது, மெடிக்கல் அறையில் தெரியவருகிறது. இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன். குணமான நோய் அது. பழைய எக்ஸ்ரே, மருந்து அட்டை, ஆறு மாதம் முடித்ததற்கான சான்று இருந்தால் டாக்டர் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்து, நிழல் மாறவில்லை என்று பார்க்க முடியும். அது இல்லாமல் எல்லாம் புதிதாகத் தேட வேண்டியிருக்கும். மருந்து வாங்கிய ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியிலோ பதிவேட்டிலிருந்து நகல் கேளுங்கள். இன்றே கேளுங்கள், கடிதம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். சளிப் பரிசோதனை இருந்தாலும் இன்டர்வியூவை ரத்து செய்ய அவசரப்படாதீர்கள். நிலவரத்தைத் தூதரகத்துக்கு எழுதிக் கேட்டு, பதில் வந்த பிறகு முடிவெடுங்கள்.

தடுப்பூசி. உங்கள் வயதுக்கு முக்கியமாக எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்ந்த ஊசி), வேரிசெல்லா என்கிற சின்னம்மை ஊசி, டிப்தீரியா-டெட்டனஸ், ஹெபடைடிஸ் பி, பருவத்தில் ஃப்ளூ. கோவிட் ஊசியை 2025-ல் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். 2017-ல் பள்ளிக்கூடங்களில் போட்ட தட்டம்மை-ரூபெல்லா ஊசியில் பொன்னுக்குவீங்கிக்கு மருந்து இல்லை. அதை மட்டும் காட்டினால் எம்.எம்.ஆர். முடிந்ததாகாது. சீட்டில் நாள், மாதம், வருடம், மருந்தின் பெயர், டாக்டர் கையெழுத்து, முத்திரை வேண்டும். ‘எல்லா ஊசியும் போட்டாச்சு’ என்று வெறுமனே எழுதி வாங்கி வருவது பயனில்லை. ஹெபடைடிஸ் பி மூன்று டோஸ்: முதல் டோஸ், ஒரு மாதம், ஆறு மாதம். மூன்றும் முடியாவிட்டாலும் அந்த நேரத்துக்கு உரிய டோஸ் போட்டிருந்தால் போதும், மீதியை அங்கே போய்ப் போடலாம். ஆனால் இப்போதே தொடங்கினால் மெடிக்கல் அன்று ஒரே நாளில் நாலு ஊசி வாங்க வேண்டியதில்லை.

எம்.எம்.ஆரும் வேரிசெல்லாவும் உயிருள்ள கிருமி ஊசிகள். ஒரே நாளில் இரண்டையும் போடலாம், இல்லையென்றால் நடுவில் 28 நாள் இடைவெளி வேண்டும். இங்கே ஒன்றைப் போட்டுவிட்டுப் பத்தாம் நாள் மெடிக்கலுக்குப் போய் நின்றால் மற்றொன்றைப் போட முடியாது. சின்னம்மை வந்தவர்களுக்கு அந்த ஊசி வேண்டாம்தான். ஆனால் அம்மை கண்டால் நாம் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. வேப்பிலை விரித்துப் படுக்க வைத்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றி முடித்துவிடுகிறோம். காகிதம் எங்கே இருக்கும்? வேரிசெல்லா ஐ.ஜி.ஜி. என்று ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு. எதிர்ப்புச் சக்தி இருக்கிறது என்று வந்தால் ஊசி தேவையில்லை. அந்த முடிவை மெடிக்கல் டாக்டர் ஏற்பாரா என்று அப்பாயின்ட்மென்ட் போடும்போதே கேட்டுவிடுங்கள்.

கர்ப்பமாக இருந்தால் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள். உயிருள்ள ஊசிகள் போடமாட்டார்கள், அதற்கு விலக்கு உண்டு. எக்ஸ்ரேக்கு விலக்கு இல்லை: சம்மதம் வாங்கி, வயிற்றுக்குக் கவசம் வைத்து எடுப்பார்கள், அல்லது பிரசவத்துக்குப் பிறகு எடுக்கலாம். தள்ளிவைத்தால் விசாவும் தள்ளும். முடிவு உங்களுடையது, உங்கள் மகப்பேறு டாக்டரைக் கேட்டு எடுங்கள். அந்த ஊசிகள் போட்டுக்கொண்ட பிறகு ஒரு மாதம் கரு தரிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதையும் கணவரிடம் சொல்லிவிடுங்கள்.

மெடிக்கல் முடிந்ததும் ரிப்போர்ட் தூதரகத்துக்குப் போய்விடும். கையில் கவர் கொடுத்தால் பிரிக்காதீர்கள். எக்ஸ்ரே சி.டி. கொடுத்தால் பத்திரப்படுத்துங்கள்.

இனிக் காகிதங்கள். கல்யாணச் சான்று என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தது. கோயிலில் கொடுத்த ரசீதும் சர்ச் பங்கில் கொடுத்த சான்றும் கூடுதல் ஆதாரமாக இருக்கட்டும். 2009-லிருந்து தமிழ்நாட்டில் எந்த மதக் கல்யாணமானாலும் பதிவு கட்டாயம். பிறப்புச் சான்றில் பெயர் இல்லாமல் ‘பெண்’ என்று மட்டும் இருந்தால் பெயர் சேர்த்து வாங்குங்கள். போலீஸ் சான்று பாஸ்போர்ட் சேவா மூலம் வாங்குவது. இரண்டு வருடம் தாண்டியிருந்தால் புதிதாக எடுக்க வேண்டும். நம் மாவட்டத்தில் நர்ஸ் வேலைக்கு வளைகுடா போய் வந்த பெண்கள் நிறைய. 16 வயதுக்குப் பிறகு ஒரு நாட்டில் 12 மாதமோ அதற்கு மேலோ இருந்திருந்தால் அந்த நாட்டுப் போலீஸ் சான்றும் வேண்டும். அதை இங்கிருந்து வாங்க நாள் பிடிக்கும்.

பெயர், பிறந்த தேதி. ஞானஸ்நானத்தில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சேர்ந்த இன்னொன்று. ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வயது போதவில்லை என்று தலைமை ஆசிரியர் எழுதி வைத்த பிறந்த தேதி நாற்பது வருடம் கழித்தும் ஆளைத் துரத்துகிறது. அன்றைக்கு அது உதவியாகத் தோன்றியிருக்கும். அதன் விலையை வாழ்நாள் முழுக்கக் கட்டுவது அந்தப் பிள்ளைதான். பள்ளிகள் பிறப்புச் சான்று பார்க்காமல் ஒரு தேதி எழுதிய அந்தப் பழக்கத்துக்கு இன்றுவரை யாரும் பொறுப்பேற்கவில்லை. உங்களுக்கு வித்தியாசம் இருந்தால், இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி முன் சத்தியப் பிரமாணம் எழுதி, ஒரிஜினல்களோடு கொண்டுபோங்கள். பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருந்தால் விசாவில் உங்கள் பெயர் சர்நேம் இடத்தில் ஏறி, பெயர் இடத்தில் எஃப்.என்.யூ. (முதல் பெயர் தெரியவில்லை) என்று விழும். அங்கே லைசென்ஸ் எடுக்கும்போது அதனால் அலைச்சல். நேரம் இருந்தால் முன்பே பாஸ்போர்ட்டைத் திருத்துங்கள். இன்டர்வியூ பக்கத்தில் வந்துவிட்டால் இப்போது கை வைக்காதீர்கள்.

கணவர் பக்கம் ஐ-864, அதாவது உங்கள் செலவுக்கு நான் பொறுப்பு என்று அவர் எழுதிக் கொடுக்கும் படிவம். உங்களையும் சேர்த்த குடும்ப எண்ணிக்கைக்கு, அமெரிக்க வறுமைக்கோட்டு வரம்பின் 125 சதவீத வருமானம் காட்ட வேண்டும். அந்த அளவு ஒவ்வொரு வருடமும் மாறும். டாக்ஸ் டிரான்ஸ்கிரிப்ட் (வரித்துறை தரும் கணக்கு நகல்), டபிள்யூ-2 (கம்பெனி தரும் வருடச் சம்பளப் படிவம்), கடைசி சில சம்பளச் சீட்டு. வேலை மாறியிருந்தால் புதிய கம்பெனிக் கடிதம். வருமானம் போதாவிட்டால் ஜாயின்ட் ஸ்பான்சர், அதாவது கூடப் பொறுப்பேற்கும் இன்னொருவர் வேண்டும், அவர் அமெரிக்காவில் வசிக்கும் சிட்டிசனாகவோ கிரீன் கார்டுக்காரராகவோ இருக்க வேண்டும்.

டி.எஸ்.-260-ஐக் கம்ப்யூட்டர் சென்டரில் வேறு யாரோ நிரப்பியிருந்தால், அச்செடுத்து ஒரு வரி விடாமல் நீங்களே படியுங்கள். 16 வயதிலிருந்து இருந்த முகவரிகள், ஐந்து வருடச் சமூக ஊடகக் கணக்குகள், முன்பு டூரிஸ்ட் விசா மறுத்திருந்தால் அது, எல்லாம் அதில் இருக்கிறது. தவறு இருந்தால் இன்டர்வியூவில் முதலிலேயே சொல்லித் திருத்தலாம். ஒரிஜினல்களை ஏஜென்ட் கையில் விட்டு வைக்காதீர்கள். பாஸ்போர்ட் உங்கள் பீரோவில் இருக்கட்டும்.

இன்டர்வியூ பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில். கைரேகைக்கு விசா விண்ணப்ப மையத்தில் முன்னதாகத் தனி நேரம் கொடுப்பார்கள். நாகர்கோவிலிலிருந்து ரயில் உண்டு, ஒரு நாளுக்கு மேல் ஆகும். தாமதமானால் கைரேகை நேரம் போய்விடும், ஆகவே ஒரு நாள் முன்பே சேருங்கள். திருவனந்தபுரத்திலிருந்து விமானம் என்றாலும் முந்தின நாளே போய்விடுவது நல்லது. உள்ளே போனோ பையோ விடமாட்டார்கள். ஆங்கிலம் தடுமாறினால் முதல் ஜன்னலிலேயே தமிழ் வேண்டும் என்று கேளுங்கள், அதில் ஒரு குறைவும் இல்லை.

கேள்விகள்: யார் பேசி முடித்த சம்பந்தம், முதலில் எங்கே பார்த்தீர்கள், கல்யாணத்துக்கு அவர் எத்தனை நாள் லீவில் வந்தார், என்ன வேலை, எந்த ஊரில் யாரோடு இருக்கிறார், இருவரில் யாருக்காவது முன்பு திருமணம் நடந்ததா. பதிலை மனப்பாடம் பண்ணிப் போகாதீர்கள். நிச்சயம் முடிந்து பதினைந்து நாளில் கல்யாணம், அடுத்த வாரம் அவர் விமானம் ஏறியாச்சு என்பது நம் ஊரில் சாதாரணம். அதிகாரிக்கு அது கேள்வி. சர்ச்சில் ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசித்த தேதிகள், அழைப்பிதழ், மறுவீட்டுப் படம், இரு வீட்டாரும் சேர்ந்து நிற்கும் படங்கள், அவர் வந்துபோன டிக்கெட், பணம் அனுப்பிய விவரம், மாதத்துக்கு ஒரு பக்கம் வீதம் வாட்ஸ்அப் உரையாடல் அச்சு. தேதி வரிசையில் அடுக்குங்கள். முந்நூறு படம் உள்ள ஆல்பம் வேண்டாம், இருபது படமும் பின்னால் தேதியும் போதும். முத்தமிடும் படம் வேண்டும் என்று ஒரு ஏஜென்ட் சொன்னால் அவரிடமிருந்து விலகுங்கள்.

‘என் அண்ணிக்கு இரண்டு நிமிடத்தில் முடிந்தது, ஏன் பயமுறுத்துகிறீர்கள்’ என்று கீழே எழுத வருகிறவர்களுக்கு: நல்லது, பலருக்கும் அப்படித்தான் முடிகிறது. நான் எழுதுவது மாட்டிக்கொள்ளக்கூடியவர்களுக்காக.

221(ஜி) சீட்டு கொடுத்தால் உடைந்துபோக வேண்டாம். காகிதம் குறைகிறது அல்லது விசாரணை பாக்கி என்று பொருள். கேட்டதை மட்டும், சொன்ன வழியில், ஒரு வருடத்துக்குள் கொடுங்கள். அக்கம்பக்கத்தில் ‘என்ன மக்களே, விசா வந்தாச்சா’ என்று கேட்பவர்களுக்கு அந்தச் சீட்டின் விவரம் சொல்லத் தேவையில்லை.

விசா ஒட்டி பாஸ்போர்ட் வந்ததும் பெயர், பிறந்த தேதி, வகை மூன்றையும் சரிபாருங்கள். கடைசித் தேதி மெடிக்கலை ஒட்டித்தான் இருக்கும், அதற்குள் உள்ளே நுழைய வேண்டும். கிரீன் கார்டுக்கான 235 டாலரைப் பயணத்துக்கு முன்பே ஆன்லைனில் கட்டுங்கள். நீங்கள் இறங்கும் நாளில் கல்யாணமாகி இரண்டு வருடம் தாண்டியிருந்தால், விசாவில் சி.ஆர்.1 என்று இருந்தாலும் விமான நிலைய அதிகாரியிடம் கல்யாணத் தேதியைக் காட்டி ஐ.ஆர்.1 ஆக மாற்றக் கேளுங்கள். அப்போது பத்து வருடக் கார்டு வரும், இரண்டு வருடக் கார்டின் நிபந்தனையை நீக்கக் கேட்கும் ஐ-751 மனு போட வேண்டிய வேலை இல்லை. அதனால் கல்யாணச் சான்றும் எக்ஸ்ரே சி.டி.யும் கைப்பையில் இருக்கட்டும், செக்-இன் பெட்டியில் போடாதீர்கள்.