தூக்குவது பாதி, இறக்குவது மீதி: எக்சென்ட்ரிக் பயிற்சி கேள்வி பதில்

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை பலர் அனுப்பிய கேள்விகள். பதில் சொல்பவர் தண்டையார்பேட்டைப் பக்கம் மறுவாழ்வுச் சிகிச்சையில் பணிபுரியும் பிசியோதெரபிஸ்ட்.

பழைய வண்ணாரப்பேட்டை, கல்லூரி மாணவர்: மேடம், எக்சென்ட்ரிக்னு ஜிம்லயும் சொல்றாங்க, ஆஸ்பத்திரியிலயும் சொல்றாங்க. அப்படின்னா என்ன?

முழங்கையை மடக்கி ஒரு தண்ணீர் கேனைத் தூக்கும்போது கையின் முன்தசை சுருங்கிக்கொண்டே வேலை செய்கிறது. அதே கேனை மெதுவாக இறக்கும்போதும் அதே தசைதான் வேலை செய்கிறது. ஆனால் இப்போது நீண்டுகொண்டே பிடித்து நிற்கிறது. இந்த இரண்டாவது வேலைதான் எக்சென்ட்ரிக். படி இறங்கும்போது தொடையும், நாற்காலியில் மெதுவாக உட்காரும்போது தொடையும் புட்டமும் செய்வது இதுவே.

நீளும் தசை அதிக விசையைத் தாங்கும், ஆனால் குறைந்த ஆக்சிஜனே கேட்கும். 1952இல் லண்டனில் அபட், பிக்லேண்ட், ரிச்சி மூவரும் இரண்டு சைக்கிள்களை முதுகோடு முதுகாக ஒரே செயினில் இணைத்துச் சோதித்தார்கள். ஒருவர் மிதிக்க, மற்றவர் எதிர்த்துத் தடுத்தார். இருவர் காலிலும் விசை ஒன்றுதான். தடுத்தவருக்கு ஆக்சிஜன் செலவு பல மடங்கு குறைவு. மூச்சுக்கும் இதயத்துக்கும் பளு கொடுக்க முடியாத நோயாளிக்குக்கூடத் தசைக்கு மட்டும் நல்ல பளு கொடுக்க முடிகிறது என்பதால்தான் ஆஸ்பத்திரிகள் இதை விரும்புகின்றன. இதற்கு ஒரு விலையும் உண்டு. பழக்கமில்லாத தசையில் 24 முதல் 72 மணி நேரம் வரை பிடிப்பும் வலியும் இருக்கும்.

மூலக்கொத்தளம், ஜிம் போகிறவர்: அக்கா, முந்தாநாள் ஃப்ரெண்டுங்களோட பெட் கட்டி புல்-அப் பார்ல ஏறி நின்னு மெதுவா இறங்குறது மட்டும் நூறு பண்ணேன். இப்ப கை ரெண்டும் வீங்கி நீட்டவே முடியல. யூரின் டீ டிகாக்‌ஷன் மாதிரி போகுது.

தம்பி, இதைப் படித்தவுடன் கிளம்பு. ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு உனக்குப் பக்கம்தான். உடைந்த தசையின் புரதம் சிறுநீரகத்தை அடைக்கிற நிலை இது, பெயர் ராப்டோமயோலிசிஸ். என்ன பயிற்சி, எத்தனை, எப்போது செய்தாய், சிறுநீர் எப்போது நிறம் மாறியது என்று டாக்டரிடம் அப்படியே சொல். இரத்தத்தில் கிரியாட்டின் கைனேஸ் (உடைந்த தசையிலிருந்து கசியும் நொதி), கிரியாட்டினின், பொட்டாசியம் பார்த்து டிரிப் ஏற்றுவார்கள். டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரை எதையும் போடாதே, அவை சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும். மசாஜும் வேண்டாம்.

மற்றவர்களுக்கு: முதல் நாள் எக்சென்ட்ரிக்கில் எப்போதும் ‘இது போதாதே’ என்றுதான் தோன்றும். அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். வேதனை மறுநாள்தான் வரும், அப்போது எண்ணிக்கையைக் குறைக்க முடியாது. கொலஸ்ட்ராலுக்கு ஸ்டாட்டின் எடுப்பவர்களும், சித்திரை வெயிலில் வியர்த்துக் கொட்டுபவர்களும் இன்னும் கவனமாகத் தொடங்க வேண்டும்.

காசிமேடு, மீன்பிடித் துறைமுகத்தில் வேலை: குதிகாலுக்கு மேல நரம்பு ஆறு மாசமா வலிக்குது மேடம். காலைல முதல் பத்து அடி நொண்டித்தான் நடக்குறேன். ரெஸ்ட் எடுத்தா சரியாவுது, வேலைக்குப் போனா திரும்ப வருது.

எல்லோரும் நரம்பு என்கிறோம், அது நரம்பு அல்ல. கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு கட்டும் தசைநார், அகிலிஸ் டெண்டன். எலும்பிலிருந்து 2 முதல் 6 செ.மீ. மேலே இரண்டு விரலால் கிள்ளினால் வலிக்கிறதா, தடித்திருக்கிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் இந்தப் பயிற்சி உங்களுக்குத்தான். ஓய்வு வலியைத்தான் குறைக்கும், தசைநாரின் தாங்கும் திறனைக் கூட்டாது. அதனால்தான் வேலைக்குத் திரும்பியதும் வலியும் திரும்புகிறது.

காய்ந்த படியில், ஷூ போட்டு, பிடிமானத்தோடு நில்லுங்கள். பாதத்தின் முன்பகுதி மட்டும் படி விளிம்பில். இரண்டு காலாலும் எம்பி நின்று, எடை முழுவதையும் வலிக்கிற காலுக்கு மாற்றுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டு குதிகாலைப் படி மட்டத்துக்குக் கீழே இறக்குங்கள். மேலே வருவது நல்ல காலின் வேலை. முட்டியை நேராக வைத்து 15 தடவை, 3 செட். முட்டியைக் கொஞ்சம் மடக்கி மறுபடி 15 தடவை, 3 செட். மடக்கினால் ஆழத்தில் இருக்கும் சோலியஸ் தசைக்குப் பளு போகும். காலை, மாலை இரண்டு வேளையும், 12 வாரம். ஒரு நாளைக்கு 180 இறக்கம். 1998இல் ஸ்வீடனின் ஆல்ஃபிரெட்சன் வெளியிட்ட முறை இதுதான். அவர் எடுத்துக்கொண்ட 15 பேரும் நாள்பட்ட வலியால் ஓட முடியாமல் இருந்தவர்கள்.

செய்யும்போது வலிக்கும். பத்துக்கு ஐந்து வரை வலி இருக்கலாம், மறுநாள் காலையில் பழைய அளவுக்குத் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லையென்றால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். மாறாக வலியே இல்லாமல் போய்விட்டால், முதுகுப்பையில் 5 கிலோ அரிசிப் பையைப் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு 10 கிலோ. பளு ஏற்றாமல் அதே எடையில் மூன்று மாதம் ஓட்டுவது, வலிக்கிற காலாலேயே மேலே எம்புவது, இரண்டாம் வாரத்தில் வலி கூடியதென்று கைவிடுவது, இந்த மூன்றும்தான் பலனைக் கெடுக்கின்றன.

நாள் முழுக்க நின்று பெட்டி தூக்குகிறவருக்கு 180 அதிகம் என்றே நினைக்கிறேன். 2015இல் டென்மார்க்கில் இந்த முறையையும், வாரம் மூன்றே நாள் கனமான எடையோடு ஏறவும் இறங்கவும் தலா 3 விநாடி எடுக்கும் முறையையும் ஒப்பிட்டார்கள். 12 வாரத்திலும் ஒரு வருடத்திலும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான். வாரம் மூன்று நாள் செய்தவர்கள்தான் ஒழுங்காகத் தொடர்ந்தார்கள். உங்களுக்கு அதுவே தோது. 15 தடவை மட்டும் செய்ய முடிகிற எடையில் தொடங்கி, வாரங்கள் போகப்போக 6 தடவையே முடிகிற எடைக்குப் போங்கள்.

திடீரென்று ‘டப்’ என்ற உணர்வோடு, யாரோ பின்னாலிருந்து உதைத்ததுபோல் இருந்தால் தசைநார் அறுந்திருக்கலாம். பயிற்சியை விட்டுவிட்டு அன்றே எலும்பு டாக்டரிடம் போங்கள்.

திருவொற்றியூர், தபால் வேலை: எனக்கு மேலே இல்ல மேடம், குதிகால் எலும்புலயே ஒட்டிக்கிட்டு வலி.

அப்படியானால் படியே வேண்டாம். தரையில் நின்று எம்பி, தரை மட்டம் வரை மட்டும் இறக்குங்கள். அதற்குக் கீழே போனால் தசைநார் எலும்பின் மேல் அழுந்தி வலி கூடும். முதல் சில வாரம் ஷூவுக்குள் குதிகால் பக்கம் 1 செ.மீ. தடிப்பாக ஏதாவது வையுங்கள்.

புளியந்தோப்பு: தம்பி டிபி மாத்திரைல லீவோஃப்ளாக்சசின் எடுக்குறான். ரெண்டு குதிகாலும் வலிக்குதாம். இதையே செய்யச் சொல்லவா?

வேண்டாம். லீவோஃப்ளாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின் வகை மருந்துகள் தசைநாரை நலிவாக்கி அறுபடச் செய்யக்கூடும். 2008 முதல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அந்த மருந்துகளின் விவரக் குறிப்பில் கடும் எச்சரிக்கை போட வைத்திருக்கிறது. ஸ்டீராய்டும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் அதிகம். குதிகாலுக்கு ஓய்வு கொடுத்து டிபி டாக்டரிடம் உடனே சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது இதைவிடப் பெரிய ஆபத்து.

வியாசர்பாடி, ஃபுட்பால் கோச்: பசங்களுக்குத் தொடை பின்பக்கம் அடிக்கடி பிடிச்சுக்குது. அதுக்கான நார்டிக் பயிற்சியை எப்படிக் கொடுக்கணும், எவ்வளவு?

கீழே தடிமனான மேட். முட்டி போட்டு நிற்கும் பையனின் கணுக்கால்களை இன்னொருவன் இரண்டு கையாலும் அழுத்திப் பிடிக்க வேண்டும். தோள், இடுப்பு, முட்டி ஒரே கோட்டில் இருக்க, முடிந்தவரை மெதுவாக முன்னால் சாய வேண்டும். பிடி விட்டுப்போகும் இடத்தில் கையை ஊன்றிக்கொள்ளலாம். மேலே வரக் கையால் தள்ளிக்கொள்ளட்டும். இடுப்பை மடக்கிக் கும்பிடுவதுபோல் விழுந்தால் தொடைத்தசைக்குப் பளு போகாது. பசங்க செய்யும் முதல் தப்பு இதுதான், பக்கவாட்டில் நின்று பாருங்கள்.

முதல் வாரம் ஒரே நாள், 5 தடவை 2 செட். இரண்டாம் வாரம் இரண்டு நாள், 6 தடவை 2 செட். மூன்றாம் வாரம் மூன்று நாள், 6 முதல் 8 வரை 3 செட். நான்காம் வாரம் 8 முதல் 10. ஐந்தாவதிலிருந்து பத்தாவது வாரம் வரை 12, 10, 8 என்று மூன்று செட். அதன் பிறகு சீசன் முழுக்க வாரம் ஒரு நாள் போதும். டென்மார்க்கில் 942 ஆட்டக்காரர்களை வைத்துச் செய்து 2011இல் வெளியான ஆய்வில், இதைச் செய்த அணிகளில் 15 தொடைக் காயம், செய்யாத அணிகளில் 52. பிராக்டிஸ் முடிந்த பிறகு செய்யுங்கள். மேட்சுக்கு முந்தின நாளும் அதற்கு முந்தின நாளும் வேண்டாம். முதல் வாரத்தைத் தாண்டிக் குதிக்க விடாதீர்கள். அந்தப் பத்துத் தடவைதான் தசையைப் பழக்குகிறது, அடுத்த முறை வலி பாதிகூட இருக்காது.

காசிமேடு, மீன் வெட்டித் தருகிறவர்: முழங்கை வெளிப்பக்கம் வலிம்மா. சொம்பு தூக்கக்கூட முடியல.

மீனை இறுக்கிப் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் மணிக்கட்டை அசையாமல் நிறுத்தும் தசை அங்கேதான் தொடங்குகிறது அம்மா. மேசையில் முன்கையைக் குப்புற வைத்து, மணிக்கட்டு மட்டும் விளிம்புக்கு வெளியே இருக்கட்டும். கையில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில். மற்ற கையால் இந்தக் கையை மேலே தூக்கிவிட்டு, பிறகு அதைத் தனியாக 4 விநாடியில் இறக்க விடுங்கள். 15 தடவை, 3 செட், தினமும் ஒரு வேளை, 6 முதல் 8 வாரம். சுலபமானால் ஒரு லிட்டர் பாட்டில். கத்திப் பிடியில் துணி சுற்றித் தடிமனாக்குங்கள், இறுக்க வேண்டிய பலம் குறையும். ஸ்டீராய்டு ஊசி சில வாரம் சுகம் தரும். ஆனால் ஒரு வருடம் கழித்துப் பார்த்த ஆய்வுகளில் ஊசி போட்டவர்கள் போடாதவர்களைவிடப் பின்தங்கியிருந்தார்கள்.

கொருக்குப்பேட்டை, ஹவுசிங் போர்டு மூணாவது மாடி: அம்மாவுக்கு 64, சர்க்கரை இருக்கு, முட்டி வலியும் இருக்கு. படி இறங்குறது நல்லதுன்னு படிச்சேன். உண்மையா?

உண்மைதான். தைவானில் 2017இல் வெளியான ஆய்வில் உடல் பருத்த 30 மூத்த பெண்களில் பாதிப் பேர் லிஃப்டில் ஏறிப் படியில் இறங்கினார்கள். மீதிப் பேர் படியில் ஏறி லிஃப்டில் இறங்கினார்கள். 12 வாரத்தில் கால் பலமும் இன்சுலின் வேலை செய்யும் திறனும் இறங்கியவர்களுக்கே அதிகம் கூடியது. ஆனால் முட்டி வலிக்கு நேராகப் படியில் விடக் கூடாது. கையுள்ள கனமான நாற்காலியைச் சுவரோரம் போட்டு, ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்ணி உட்காரச் சொல்லுங்கள். எழும்போது கையை ஊன்றிக்கொள்ளலாம். 8 தடவை, 2 செட், ஒருநாள் விட்டு ஒருநாள். வலித்தால் மேலே தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். நான்கு வாரம் கழித்து ஒரே ஒரு தளம் இறங்கட்டும், கைப்பிடியைப் பிடித்து, வெளிச்சத்தில். திருவொற்றியூர் தேரடி போன்ற உயர்மட்ட மெட்ரோ ஸ்டேஷன்களில் லிஃப்டில் ஏறிப் படியில் இறங்கலாம். தூரத்துக்கும் படிப்பதற்கும் சேர்த்துப் போடும் பைஃபோகல் கண்ணாடி படி விளிம்பை மங்கலாக்கும், அதைப் போட்டுக்கொண்டு இறங்க விடாதீர்கள். புதிதாகத் தொடங்கும்போது தசை வலிக்கிற இரண்டு நாள் சர்க்கரை கொஞ்சம் ஏறலாம். பயந்து மாத்திரையை மாற்ற வேண்டாம்.

மணலி: அப்பாவுக்கு சிஓபிடி, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். பத்து அடி நடந்தா மூச்சு வாங்குது.

அதே நாற்காலிப் பயிற்சிதான். 5 தடவையில் தொடங்குங்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் மூச்சு சமனாகட்டும். உட்காரும்போது உதட்டைக் குவித்து ஊதச் சொல்லுங்கள், மூச்சை அடக்கக் கூடாது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் ஆக்சிஜன் அளவு 88 சதவீதத்துக்குக் கீழே போனால் அன்றைக்கு நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள்.

பெரம்பூர், ஏசிஎல் (முட்டி எலும்புகளைக் கட்டும் லிகமென்ட்) ஆபரேஷன் ஆகி எட்டு வாரம்: லெக் எக்ஸ்டென்ஷன் மெஷின்ல கனமா நெகட்டிவ், அதாவது இறக்குறது மட்டும் போட்டா தொடை சீக்கிரம் வரும்னு சொல்றாங்க. போடலாமா?

அந்த மெஷினில் இப்போது வேண்டாம். முட்டியை நீட்டும் கடைசிக் கட்டத்தில் புது லிகமென்ட்டின் மேல் இழுவிசை விழும். எக்சென்ட்ரிக்கே ஆகாது என்று அர்த்தமில்லை. அமெரிக்காவில் 2007இல் வெளியான ஆய்வில் மூன்றாவது வாரத்திலேயே, எதிர்த்து மிதிக்கும் சைக்கிளில், முட்டி 20 முதல் 60 டிகிரி வரை மட்டும் மடங்கும்படி, மிகக் குறைந்த பளுவில் தொடங்கினார்கள். 12 வாரம் செய்தவர்களுக்குத் தொடைத்தசை மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமாக வளர்ந்தது. சர்ஜன் சம்மதித்தால் 10 செ.மீ. பலகையிலிருந்து இறங்குங்கள். ஆபரேஷன் ஆன கால் பலகையில், மற்ற குதிகால் 4 விநாடியில் தரையைத் தொட வேண்டும், 10 தடவை 3 செட். முட்டி உள்ளே சாயாமல் கண்ணாடியில் பாருங்கள். மறுநாள் வீக்கம் இல்லையென்றால் மட்டும் 15, பிறகு 20 செ.மீ. தொடைப் பின்தசையிலிருந்து கிராஃப்ட் (புது லிகமென்ட்டுக்கான நார்) எடுத்திருந்தால் நார்டிக் பக்கம் இப்போது போகவே கூடாது.

ராயபுரம், பிசியோதெரபி முதுகலை மாணவி: மேடம், எக்சென்ட்ரிக், கான்சென்ட்ரிக் (தசை சுருங்கிக்கிட்டே செய்யுற வேலை) ரெண்டையும் ஒப்பிட்டு தீசிஸ் பண்றேன். ஒரு காலுக்கு இது, இன்னொரு காலுக்கு அதுன்னு வச்சா ஆள் குறைவா போதும்தானே?

அந்த வடிவமைப்பை விட்டுவிடுங்கள். ஒரு காலைப் பயிற்றுவித்தால் மறு காலுக்கும் பலம் கொஞ்சம் கடக்கும், தசைச் சேதத்திலிருந்து பாதுகாப்பும் கடக்கும். இரண்டு பயிற்சியின் பலனும் கலந்துபோன கணக்கு அது.

அடுத்த பள்ளம் தொடக்கநிலைச் சோதனையில் இருக்கிறது. அதிகபட்ச எக்சென்ட்ரிக் சோதனையை ஒரு நாள் செய்தாலே அந்தத் தசைக்குப் பாதுகாப்பு வந்துவிடும், அது மாதக்கணக்கில் நிற்கும். அதனால் தசைச் சேதத்தை அளப்பதாக இருந்தால் தொடக்கத்தில் அசையா நிலைப் பலத்தை மட்டும் அளங்கள். சேதத்துக்கும் அதுவே நம்பகமான அளவு. கிரியாட்டின் கைனேஸ் ஒரே பயிற்சிக்கு ஒருவருக்கு நூறுகளிலும் இன்னொருவருக்கு ஆயிரங்களிலும் நிற்கும், உச்சமும் 3 முதல் 5 நாள் கழித்துத்தான் வரும். அதை முதன்மை விளைவாக வைத்தால் சிறிய ஆய்வு தேறாது.

இரண்டு குழுவுக்கும் எதைச் சமமாக்கினீர்கள் என்பதைத் தெளிவாக எழுதுங்கள். ஒரே கிலோவா, ஒரே மொத்த வேலையா, அவரவர் அதிகபட்சத்தில் ஒரே சதவீதமா? ஒரே கிலோ கொடுத்தால் எக்சென்ட்ரிக் குழு லேசாகத்தான் உழைக்கிறது, பிறகு ‘வித்தியாசம் இல்லை’ என்ற முடிவு வந்தால் அதற்கு அர்த்தமில்லை. இறக்கும் வேகத்தை மெட்ரோனோம் ஆப்பில் நிமிடத்துக்கு 60 துடிப்பு வைத்துக் கட்டுப்படுத்துங்கள். அளப்பவருக்கு யார் எந்தக் குழு என்று தெரியக் கூடாது. வீட்டுப் பயிற்சி என்றால் டைரி கொடுத்து வாரம் ஒருமுறை வாங்குங்கள். பயிற்சியை விவரிக்க 2016இல் வந்த 16 அம்சப் பட்டியல் செர்ட் இருக்கிறது, அதை முதல் நாளே பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். நெறிமுறைக் குழு அனுமதி வந்ததும், முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடான சிடிஆர்ஐயில் பதிவு எண் வாங்கிவிடுங்கள். 2018 ஏப்ரலிலிருந்து, ஆள் சேர்த்த பிறகு போனால் அங்கே பதிவு கிடையாது.