ஷீட் ஒட்டும் முன்: கார் இரைச்சல் கேள்வி-பதில்

இந்த முறை பெங்களூரு கடிதங்கள்தான் அதிகம். அதில் பாதிப் பேர் என்ன கார் என்றே எழுதவில்லை. "சத்தம் தாங்கவில்லை, எந்த ஷீட் போடலாம்?" என்று ஒரே வரி. மாடல், ஓடிய கிலோமீட்டர், டயரின் வயது, எந்த வேகத்தில் எந்தப் பக்கம் கேட்கிறது என்ற நான்கும் இல்லாத கடிதங்களை எடுத்துக்கொள்ளவில்லை.

கெங்கேரி வாசகர்: மைசூரு நெடுஞ்சாலையில் 90-ஐத் தாண்டினால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்பதில்லை. ஊருக்குள் தொந்தரவு இல்லை. நான்கு கதவுக்கும் டேம்பிங் (தகட்டின் அதிர்வை அடக்கும் ஷீட்) போட்டால் சரியாகுமா?

அது டயர் சத்தமா, காற்றுச் சத்தமா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். தார் ரோட்டிலிருந்து கான்கிரீட் போட்ட ஒயிட்டாப்பிங் ரோட்டில் ஏறும்போது, அதே வேகத்தில் சத்தத்தின் தொனி சட்டென்று மாறினால் டயர். ரோடு மாறியும் தொனி மாறாமல், வேகம் ஏற ஏற 'ஸ்ஸ்' என்று கூடிக்கொண்டே போனால் காற்று. காற்றென்றால் பெயின்டர்கள் ஒட்டும் மாஸ்கிங் டேப்பை வாங்கி ஒரு கதவின் இடைவெளியை வெளியிலிருந்து முழுக்க மூடி ஓட்டுங்கள். பிறகு அடுத்த கதவு, பிறகு சைடு மிர்ரர் அடி. எங்கே டேப் ஒட்டினால் சத்தம் குறைகிறதோ, அங்கே பீடிங் (கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டை) தேய்ந்திருக்கிறது, அல்லது கதவு சரியாக உட்காரவில்லை. பத்து ரூபாய் நோட்டை இடையில் வைத்துக் கதவைச் சாத்தி இழுங்கள். இறுக்கமில்லாமல் வழுக்கி வந்தால் அந்த இடம்தான். இதற்குக் கதவுக்குள் எத்தனை ஷீட் ஒட்டினாலும் பயனில்லை.

பானசவாடி வாசகர்: வீட்டில் பழைய யோகா மேட் நான்கு இருக்கிறது. கார்பெட்டுக்கு அடியில் போடலாமா?

யோகா செய்யுங்கள். தெர்மாகோல், முட்டை அட்டை பற்றிக் கேட்ட மற்ற இருவருக்கும் இதே பதில்தான்.

எலக்ட்ரானிக் சிட்டி வாசகர்: 38,000 கி.மீ. ஓடிய ஹாட்ச்பேக். 50-க்கு மேல் 'ஹூம்' என்று ஒரு முழக்கம். ஃப்ளோர் முழுக்க ஷீட் போட்டும் குறையவில்லை.

குறையாது. காலியான நேர் ரோட்டில் 60-ல் போகும்போது ஸ்டீயரிங்கை லேசாக இடப்பக்கம் ஒடித்துப் பாருங்கள். முழக்கம் கூடினால் வலப்பக்க வீல் பேரிங் போய்விட்டது என்று சந்தேகிக்கலாம். வலப்பக்கம் ஒடிக்கும்போது கூடினால் இடப்பக்கம். எந்தப் பக்கம் திருப்பினாலும் மாறவில்லையென்றால் டயரின் மேல் உள்ளங்கையை முன்னும் பின்னும் தடவுங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பம்போலவும் தட்டினால், ரொட்டேஷன் செய்யாமல் விட்டதன் பலன் அது. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை டயர்களை இடம் மாற்றிப் போடச் சொல்லி எத்தனை தரம் எழுதுவது? இனி புது டயர் வாங்கும்போது அமைதியான டிசைனாகப் பாருங்கள். ரோடு சத்தத்தைக் குறைப்பதில் நல்ல டயருக்கு இணையான ஷீட் கிடையாது.

ஹலசூரு வாசகர்: ஜே.சி. ரோட்டில் நான்கு கதவுக்கும் முழு டேம்பிங் போட்டேன். கதவு சாத்தும் ஓசை அருமை. ஆனால் மழைக்குப் பிறகு பிரேக் போட்டால் கதவுக்குள் 'சளக் சளக்' என்கிறது. பின் சீட் கார்பெட்டும் ஈரம்.

இந்தக் கேள்வி வராத மழைக்காலமே இல்லை. கார்க் கதவு மூடிய டப்பா அல்ல. கண்ணாடியில் வழியும் மழைநீர் வெளிப் பீடிங்கைத் தாண்டி கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். வெளித்தகட்டின் உட்புறமாக வழிந்து, கதவின் அடி மடிப்பில் உள்ள இரண்டு மூன்று துவாரங்கள் வழியே வெளியேறும். டோர் பேடுக்கு (கதவின் உட்பக்க அட்டை) பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் தாள், உள்ளே இறங்கிய நீர் கேபின் பக்கம் வராமல் தடுத்துத் திரும்பக் கதவுக்குள்ளேயே விடுகிறது. கம்பெனி இரண்டையும் காரணத்தோடுதான் வைத்திருக்கிறது.

'நூறு சதவீதம் கவரேஜ்' என்று விற்கும் கடைக்காரர் அடி மடிப்பு வரை ஷீட்டை இறக்கி ஒட்டிவிடுவார். துவாரம் அடைபடும், 'சளக்' கேட்கும். அவசரத்தில் பிளாஸ்டிக் தாளைக் கிழித்துவிட்டுப் பாதியை அப்படியே விட்டுவிடுவார். கார்பெட் நனையும். இரண்டு மழைக்காலம் போனால் கதவின் அடி மடிப்பு உள்ளிருந்து துருப்பிடிக்கும். வெளியே பெயின்ட் கொப்புளம் தெரியும்போது காரியம் கைமீறியிருக்கும்.

இப்போது செய்ய வேண்டியது: டோர் பேடைக் கழற்றுங்கள். க்ளிப் உடையும், அதே மாடலுக்குப் பத்து க்ளிப் முன்பே வாங்கி வையுங்கள். துவாரங்களைக் கேபிள் டை நுழைத்துத் திறந்துவிடுங்கள். ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், பெயின்ட் சுரண்டும். அடியிலிருந்து இரண்டு அங்குலம் வரை ஒட்டிய ஷீட்டை பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்துவிடுங்கள். நன்றாகக் காயவிட்டு அடி மடிப்பில் துருத்தடுப்பு மெழுகு ஸ்ப்ரே அடியுங்கள். பிளாஸ்டிக் தாளை ப்யூட்டைல் (பிசுபிசுப்பான ரப்பர்) கயிறு வைத்துத் திரும்ப ஒட்டுங்கள். வினிகர் வாடை அடிக்கும் சிலிகான் வேண்டவே வேண்டாம், அந்த அமிலமே தகட்டை அரிக்கும். பேடை மாட்டும் முன் ஒரு லிட்டர் தண்ணீரைக் கண்ணாடியின் வெளிப்பக்கம் ஊற்றுங்கள். அடியிலிருந்து உடனே சொட்ட ஆரம்பிக்க வேண்டும், உள்பக்கம் ஒரு துளியும் வரக் கூடாது. கண்ணாடியை முழுக்க ஏற்றி இறக்கி, ஷீட்டில் உரசுகிறதா என்றும் பாருங்கள்.

இனி செய்பவர்களுக்கு: ப்யூட்டைல் ஷீட்டின் வேலை தகட்டின் அதிர்வைக் கொல்வது. அதற்குத் தகட்டின் நடுப்பகுதியில் 30, 40 சதவீதம் ஒட்டினால் போதும். அதற்கு மேல் ஒட்டுவது காசுக்கும் எடைக்கும்தான் கணக்கு. விரலால் தட்டுங்கள். 'டங்' என்பது 'தொப்' என்று மாறினால் நிறுத்திவிடலாம். ஐ.பி.ஏ. (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) போட்டுத் துடைக்காமல் ஒட்டியது நிற்காது. ஷீட்டின் மேலே உள்ள புடைப்பு டிசைன் மறையும் வரை ரோலரால் அழுத்த வேண்டும். ஃபாயில் ஓரம் பிளேடு மாதிரி, கையுறை கட்டாயம். சில கார்களில் பக்கவாட்டு ஏர்பேக்குக்கான அழுத்த சென்சார் கதவுக்குள்ளேயே இருக்கும். அந்தக் கதவில் பெரிய துவாரங்களை மூடுவது, திறப்பது இரண்டும் ஆபத்து.

ஒயிட்ஃபீல்டு வாசகர்: 'மூன்று லேயர், முழு கார், 40 கிலோ மெட்டீரியல், 10 டெசிபல் குறையும், கேரண்டி' என்கிறார்கள். நம்பலாமா?

10 டெசிபல் என்றால் காதுக்குச் சத்தம் பாதியாகத் தெரியும். எந்த ரோட்டில், எந்த வேகத்தில், எந்த மீட்டரில் என்று எழுதித் தரச் சொல்லுங்கள், பேச்சு நின்றுவிடும். 40 கிலோ என்பது ஒரு பள்ளிப் பிள்ளையை எப்போதும் ஏற்றிக்கொண்டு போவதற்குச் சமம். 2 மி.மீ. ப்யூட்டைல் சதுர மீட்டருக்குச் சுமார் மூன்றரை கிலோ. தேவையான இடத்தில் மட்டும் ஒட்டினால் முழுக் காருக்கும் 12, 15 கிலோவில் முடியும். பின் வீல் ஆர்ச் (சக்கரத்துக்கு மேலுள்ள வளைவுத் தகடு), ஸ்டெப்னி குழி, முன் ஃப்ளோர், பிறகு கதவு என்ற வரிசையில் செலவழியுங்கள். இன்னும் வேண்டுமென்றால் ஃப்ளோரில் மட்டும் எம்.எல்.வி. (சத்தத்தைத் தடுக்கும் கனமான வினைல்) விரிப்பு, அடியில் மூடிய செல் ஃபோம் (நீர் உறிஞ்சாத வகை) போட்டு. விரிப்பில் இடைவெளி விட்டால் சத்தம் அந்த வழியே வந்துவிடும். விரிப்பு நேராகத் தகட்டில் படிந்தாலும் பாதிப் பலன் போய்விடும்.

பெல்லந்தூர் வாசகர்: எலக்ட்ரிக் எஸ்.யு.வி. வாங்கினேன். பழைய பெட்ரோல் காரைவிட ரோடு சத்தம் அதிகமாகக் கேட்கிறது.

கூடியிருக்க வேண்டும் என்பதில்லை. என்ஜின் ஓசை மறைத்து வைத்திருந்தது இப்போது வெளியே தெரிகிறது. பின் வீல் ஆர்ச்சில் டிக்கி பேனலுக்குப் பின்னால் ஷீட் ஒட்டுங்கள். ஃப்ளோருக்கு அடியில் பேட்டரி இருப்பதால் எங்கேயும் துளை போடாதீர்கள், உயர் மின்னழுத்தம் பாயும் ஆரஞ்சு நிற ஒயரைத் தொடாதீர்கள்.

காக்ஸ் டவுன் வாசகர்: எட்டு வருட டீசல் கார். ஏ.சி. போட்டு சிக்னலில் நின்றால் ஸ்டீயரிங்கே நடுங்குகிறது. பானட்டுக்கு அடியில் ஃபோம் ஒட்டலாமா?

நடுக்கம் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், அது ஃபோம் கேஸ் அல்ல. என்ஜின் மவுண்டிங்கைப் பாருங்கள். ரப்பர் கிழிந்தால் என்ஜின் அதிர்வு நேராக பாடிக்கு வரும். அதை மாற்றிய பிறகும் சத்தம் மிச்சமிருந்தால், உங்கள் மாடலின் டாப் வேரியண்டில் வரும் ஒரிஜினல் பானட் லைனர் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். பல மாடல்களில் க்ளிப் துவாரம் கீழ் வேரியண்டிலும் தயாராக இருக்கும். தீப்பிடிக்கும் ஃபோமை என்ஜின் அறைக்குள் ஒட்டாதீர்கள். எக்ஸாஸ்ட், டர்போ பக்கம் எதையுமே ஒட்டாதீர்கள். மெத்தென்று எது கிடைத்தாலும் எலி அங்கே குடும்பம் நடத்தும், வாரம் ஒருமுறை பானட்டைத் திறந்து பாருங்கள்.

ஜே.பி. நகர் வாசகர்: மழை பெய்தால் கூரையில் பறை அடிப்பதுபோல் இருக்கிறது. மலிவாகத் தார் ஷீட் கிடைக்கிறது, போடலாமா?

கூரைக்குத் தார் ஷீட் போடவே கூடாது. ஏப்ரல் வெயிலில் நிறுத்திய காரின் கூரைத் தகடு 60 டிகிரியைத் தாண்டக்கூடும். தார் இளகி உங்கள் ரூஃப் லைனர் (கூரையின் உட்பக்க உறை) மேல் விழும், வாடை வேறு. மெல்லிய ப்யூட்டைல், விலா எலும்புபோல் இருக்கும் சட்டங்களுக்கு இடையே மட்டும், கால் பங்கு பரப்பு போதும். மழைச் சத்தம் நன்றாகவே குறையும். ஓரங்களில் கர்ட்டன் ஏர்பேக் இருக்கும். வேலையைத் தொடங்கும் முன் பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் காத்திருங்கள். ஏர்பேக்கின் மஞ்சள் கனெக்டரில் கை வைக்காதீர்கள். லைனரை மடித்தால் தழும்பு விழும், இரண்டு பேர் பிடித்துத்தான் இறக்க வேண்டும்.

கே.ஆர். புரம் வாசகர்: சுரங்கப்பாதைத் தண்ணீரில் கார் நின்றுவிட்டது. ஃப்ளோரில் முன்பு ஒட்டிய ஃபோம் என்ன ஆகும்?

ஒரு துண்டை வெட்டி இரவு முழுக்க வாளித் தண்ணீரில் அமுக்கி வையுங்கள். காலையில் பிழிந்தால் நீர் வருகிறதா? அப்படியானால் அது திறந்த செல் ஸ்பாஞ்ச். மொத்தத்தையும் எடுத்தெறிந்துவிட்டு, கார்பெட்டைத் தூக்கித் தகட்டைக் காயவையுங்கள். நீர் வராவிட்டாலும் கார்பெட்டைத் தூக்கத்தான் வேண்டும், கம்பெனி போட்ட ஃபெல்ட் பல நாள் ஈரம் பிடித்து வைத்திருக்கும்.

விவேக் நகர் வாசகர்: மொபைல் ஆப்பில் டெசிபல் அளந்தால் சரியாகக் காட்டுமா?

எண்ணை நம்பாதீர்கள், வித்தியாசத்தை நம்புங்கள். அதே போன், அதே இடத்தில் வைத்து, அதே ரோடு, அதே வேகம், ஏ.சி. அணைத்து. 3 டெசிபல் குறைந்தாலே வேலை நன்றாக நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

மாரத்தஹள்ளி வாசகர்: கதவுகளுக்கு எக்ஸ்ட்ரா பீடிங் ஒட்டினேன். காற்றுச் சத்தம் குறைந்தது. ஆனால் கதவை ஓங்கிச் சாத்த வேண்டியிருக்கிறது.

தடித்த பீடிங் வாங்கியிருக்கிறீர்கள். இரண்டு வாரத்தில் ரப்பர் அமுங்கிப் பழகும். அப்படியும் இறுக்கமாக இருந்தால் கீல் பக்கம் ஒட்டியதை மட்டும் எடுத்துவிட்டு அங்கே மெல்லியதாகப் போடுங்கள். அதுவரை சாத்தும்போது ஒரு கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கிக்கொள்ளுங்கள், உள்ளே அடைபடும் காற்று வெளியேறும்.