பதினாறு வயதில் முதலிடம், அதற்கு முந்தைய நான்கு வருடங்கள்

அம்மா, நீங்கள் மகளோடு வந்து போன பிறகு வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பதினோராம் வகுப்புப் பிள்ளை, "ஸ்கூல் போதும், வீட்டிலேயே இருந்து பாட்டு எழுதப் போகிறேன்" என்கிறாள். பாடகி லார்டைக் காட்டி, "லார்ட் பதினாறு வயசிலேயே ஜெயிக்கலையா?" என்று கேட்கிறாள். கீபோர்டைப் பூட்டி வைத்துவிடலாமா என்று நீங்கள் தனியாகக் கேட்டீர்கள். வேண்டாம், பூட்டாதீர்கள். அவள் காட்டுகிற உதாரணத்தையே முழுசாகப் பார்த்துவிடுவோம்.

லார்டின் சொந்தப் பெயர் எல்லா யெலிச்-ஓகானர். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் 1996இல் பிறந்தவர். அம்மா கவிஞர், அப்பா சிவில் இன்ஜினியர். 2009இல், பன்னிரண்டு வயதில், பள்ளிக்கூடத் திறமைப் போட்டியில் நண்பன் கிட்டார் வாசிக்க இவர் பாடினார். பாடியதெல்லாம் அடுத்தவர்கள் எழுதிய பாட்டு. நண்பனின் அப்பா அந்த ஒலிப்பதிவை யுனிவர்சல் என்ற இசை நிறுவனத்துக்கு அனுப்ப, அங்கிருந்து ஒப்பந்தம் வந்தது. அதே 2009இல் அவர் இன்னொன்றும் செய்தார். புத்தகங்களைப் பற்றிய பள்ளி வினாடி வினாவின் உலக இறுதிச் சுற்றில் அவருடைய அணி இரண்டாம் இடம் பிடித்தது. இதை உங்கள் மகளிடம் சொன்னேன், அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

அவளுக்குத் தெரிந்த கதை இங்கிருந்து ஒரே தாவலாகத் தாவி 2013க்குப் போய்விடுகிறது. எனக்கோ நடுவில் இருக்கும் வருடங்கள்தான் முக்கியம். நிறுவனம் குரல் பயிற்சிக்கு ஏற்பாடு செய்தது. பாடலாசிரியர்கள் சிலரோடு சேர்த்துவிட்டுப் பார்த்தது, ஒன்றும் சரிப்பட்டு வரவில்லை. இவருக்குச் சொந்தமாக எழுத வேண்டும் என்று இருந்தது. 2011 டிசம்பரில்தான் ஜோயல் லிட்டில் என்ற இசைத் தயாரிப்பாளரோடு கூட்டு அமைந்தது. அதுவரை லார்ட் பள்ளிக்கூடம் போனார், கதைகள் படித்தார், எழுதினார். கையில் ஒப்பந்தம் இருந்தும் யாரும் அவசரப்படுத்தவில்லை. இந்தப் பொறுமை அந்த வீட்டில் இருந்தது என்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கும்.

'ராயல்ஸ்' பாட்டின் வரிகளை 2012 ஜூலையில் அரை மணி நேரத்தில் வீட்டிலேயே எழுதி முடித்துவிட்டார். பொறி எங்கே கிடைத்தது தெரியுமா? நேஷனல் ஜியாகிரஃபிக் இதழில் வந்த 1976ஆம் வருடத்துப் புகைப்படம் ஒன்றில். கன்சாஸ் சிட்டி ராயல்ஸ் என்ற அமெரிக்க பேஸ்பால் அணியின் ஆட்டக்காரர் ஜார்ஜ் பிரெட் பந்துகளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார், சட்டையில் அணியின் பெயர். ஒரு சொல் பிடித்துப்போயிற்று. அந்த அரை மணி நேரத்தைப் பார்த்து உங்கள் மகள் மலைக்கிறாள். அதற்குப் பின்னால் எத்தனை வருட வாசிப்பு இருக்கிறது என்பதையும் அவள் பார்க்க வேண்டும்.

அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரியும். 2012 நவம்பரில் ஐந்து பாட்டுகளை சவுண்ட்கிளவுட் என்ற இணைய இசைத் தளத்தில் இலவசமாகவே விட்டார்கள். 2013 அக்டோபரில் 'ராயல்ஸ்' அமெரிக்காவின் பில்போர்டு பாட்டுத் தரவரிசைப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்து ஒன்பது வாரம் அங்கேயே இருந்தது. 2014 ஜனவரியில் கிராமி இசை விருது. அந்த வருடத்தின் சிறந்த பாடலுக்கான விருதை லார்டும் லிட்டிலும் சேர்ந்து வாங்கினார்கள். அது எழுதியவர்களுக்குத் தருகிற விருது.

பள்ளிக்கூடத்தை அவர் விட்டது உண்மைதான். ஆனால் எப்போது விட்டார் என்று பாருங்கள். டாகபூனா கிராமர் பள்ளியில் 2013 முடிய, அங்கே கடைசிக்கு முந்தைய வகுப்பு வரை படித்தார். பாட்டு முதலிடத்துக்கு வந்த பிறகுதான் 2014இல் கடைசி வகுப்புக்குத் திரும்பவில்லை. பாட்டு வருவதற்காகப் படிப்பை விடவில்லை, பாட்டு வந்து உலகமே கூப்பிட்ட பிறகு விட்டார். மகளிடம் சண்டை போடாமல் இந்த ஒன்றை மட்டும் சொல்லுங்கள்.

அதனால் பன்னிரண்டாவதை அவள் முடிக்கட்டும். அதற்குப் பதிலாக நீங்களும் ஒன்று கொடுக்க வேண்டும். தினமும் ஒரு மணி நேரம், தேர்வுக் காலத்திலும், அவளுக்கே அவளுக்கு. அந்த நேரத்தில் "படிச்சியா?" என்று கதவைத் தட்டக்கூடாது. கதைப் புத்தகம் வாங்கக் கேட்டால் மறுக்காதீர்கள், அதுவும் அவளுக்குப் பாடப் புத்தகம்தான்.

யாராவது ஒப்பந்தம் என்று நீட்டினால் அவள் கையெழுத்துப் போடக்கூடாது. பதினெட்டு வயது நிறையாதவர் போடும் ஒப்பந்தம் நம் சட்டப்படி செல்லாது, உங்களைத்தான் கேட்பார்கள். வக்கீல் ஒருவரிடம் காட்டாமல் நீங்களும் போடாதீர்கள். 2012இல் திருத்திய காப்புரிமைச் சட்டம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில், அதாவது பாட்டைப் பயன்படுத்துகிறவர்கள் தரும் தொகையில், பங்கு உண்டு என்கிறது. அதை வசூலித்துத் தர ஐபிஆர்எஸ் என்ற அமைப்பும் இருக்கிறது. எழுதுகிறவளுக்கு இது இப்போதே தெரிந்திருப்பது நல்லது.

ஒன்று கவனித்தேன். நாம் பேசிக்கொண்டிருந்தபோது அவள் நோட்டின் பின்பக்கத்தில் ஏதோ எழுதி, அடித்து, திரும்ப எழுதிக்கொண்டே இருந்தாள். அடுத்த முறை வரும்போது அந்த நோட்டை எடுத்துவரச் சொல்லுங்கள். எழுதி முடித்த பாட்டுகள் எத்தனை, பாதியில் நிற்பவை எத்தனை என்று அவளோடு உட்கார்ந்து பார்க்கிறேன்.