ஏதோ ஒரு மாத்திரை

கேள்வி: காரைக்குடியில் கூட்டுக் குடும்பமாக வசிக்கிறோம். 2008 முதல் நான் சென்னை சூப்பர் கிங்ஸ் ரசிகன். ஒரு ஆட்டத்தையும் விட்டதில்லை. 2023இல் ஐந்தாவது கோப்பையை வென்ற இரவில் என்னோடு குதித்து ஆடிய தம்பி, 2025இல் அணி கடைசி இடத்துக்குப் போனதும் மஞ்சள் பனியனால் பைக்கைத் துடைக்கிறான். தோல்வி என்று தெரிந்தால் பாதியிலேயே எழுந்து, அப்பச்சிக்கு (எங்கள் அப்பாவுக்கு) ஏதோ மாத்திரை கொடுக்க வேண்டுமென்று உள்ளே போய்விடுகிறான். இரண்டு மாதமாக அவனோடு பேச்சில்லை. இவனும் ரசிகனா?

பதில்: ரசிகர்தான். பிள்ளையார்பட்டிக்குச் சதுர்த்தித் தேரன்று மட்டும் வருகிறவர் வடத்தைப் பிடித்தால், நாள்தோறும் கும்பிடுகிறவர் அவர் கையைத் தட்டிவிடுவதில்லை. எல்லோரும் சேர்ந்து இழுத்தால்தான் தேர் நகரும். வெற்றிக் காலத்தில் மட்டும் சேருகிற கூட்டம்தான் விளம்பரக்காரர்களை இழுத்து வருகிறது. அந்தக் கூட்டம் கலைந்து நாற்காலிகள் காலியாகும்போதுதான், அணியை நடத்துகிறவர்களுக்கு எங்கோ பிழை என்று உறைக்கிறது. என்ன நடந்தாலும் எழுந்து போகாத உங்களால் அந்த உதவியைச் செய்ய முடியாது. (அணி தடையில் இருந்த 2016, 2017 ஆண்டுகளில் நீங்கள் யாருக்குக் கைதட்டினீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை.)

உங்கள் கடிதத்தில் நான் நின்றுவிட்ட இடம் வேறு. 'ஏதோ மாத்திரை' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எந்த ஆண்டு அணி எந்த இடத்தில் இருந்தது என்று பிசகாமல் எழுதத் தெரிந்த உங்களுக்கு, பெற்ற தகப்பனார் எந்த நோய்க்கு எதைச் சாப்பிடுகிறார் என்பது தெரியவில்லை. அணி ஜெயிக்கிற இரவுகளில் தம்பியும் கடைசிப் பந்து வரை முகப்பிலேயே உட்கார்ந்திருப்பாரே, அன்றைக்கெல்லாம் மாத்திரையை எடுத்துக் கொடுப்பது யார்? ஆத்தாவா, உங்கள் மனைவியா, அல்லது அந்த முதியவரே இருட்டில் தடவி எடுத்துக்கொள்கிறாரா? நீங்கள் இதை ஒரு நாளும் யோசித்ததாகத் தெரியவில்லை. யாரோ பதினொரு பேர் தோற்றதற்காக, ஒரே வளவில் வளர்ந்த தம்பியோடு பேச்சை நிறுத்துவது அண்ணன் செய்கிற காரியமா? விசுவாசத்துக்கு முதல் உரிமை வீட்டிலிருக்கும் பெரியவருக்குத்தான். இதில் நான் யாருக்காகவும் இறங்கி வர மாட்டேன்.

இன்று இரவே தம்பியிடம் போய், எந்த மாத்திரை, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று கேளுங்கள்; ஆட்டம் இருந்தால் முதல் இன்னிங்ஸ் முடிகிற இடைவேளையிலாவது எழுந்து போங்கள். மறுபடி எனக்கு எழுதும்போது அந்த மாத்திரையின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.